நாற்பத்தொன்று என்று எழுது

மூன்றாம் காவல் சாவடி
ஜனவரி 9

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். சொன்னேனா இல்லையா? போன விடுப்பில் வந்தபோது டிப்போ வாசலில் நின்று, "அக்கா, உன் பஸ் படி வழுக்குது, ஒரு நாள் உன்னைக் கவுத்துடும்" என்றேன். உன் அம்மா, "நீ உன் துப்பாக்கியைப் பாருடா, என் பஸ்ஸை நான் பாத்துக்கறேன்" என்றாள். இப்போது தொடை எலும்பு இரண்டு துண்டு, உள்ளே இரும்புத் தகடு. நான் சொல்லி நடக்காமல் போனது எது?

நான் நலம். என் நலத்தைப் பார்த்து மற்ற சாவடிக்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அக்காவின் கால் எப்படி இருக்கிறது? தகடு வைத்த கால் முன்னைவிடப் பலமாகிவிடும் என்று எங்கள் ராணுவ டாக்டர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார். என்னைக் கேட்காமல் அவர் யாருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை.

இங்கே வேலை மிகக் கடுமை. பதினொரு கிலோமீட்டருக்கு ஒரு சாவடி, மொத்தம் ஆறு. மூன்றாவது என் பொறுப்பு. கூட இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆனால் பொறுப்பு என்று பார்த்தால் நான்தான். மணிக்கு ஒருமுறை டெலிபோனை எடுத்து, "மூணு, லைன் சரி" என்று சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஒரு தடவை சொல்லாமல் விட்டால் நாட்டின் கதி என்ன, யோசித்துப் பார். நேற்று எதிர்ச்சரிவில் ஓர் உருவம் அசைந்தது. இரண்டு மணி நேரம் கண் இமைக்காமல் குறிவைத்திருந்தேன். மேற்கொண்டு எழுதக் கூடாது, ராணுவ ரகசியம்.

உடனே பதில் போடு. அக்காவுக்கு என் வணக்கம்.

மாமா


ஜனவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீங்கள் நலமாக இருப்பதில் சந்தோஷம். அந்த உருவம் ஆடா, மாடா?

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. கட்டில் பக்கத்தில் வாக்கர் நிற்கிறது, அதன்மேல் துண்டு காய்கிறது. நடைப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் தினமும் வருகிறார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, "நாளைக்குப் பாக்கலாம்மா" என்கிறாள். இப்படியே விட்டால் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டிப்போவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மே 15 அன்று அம்மா யார் கையையும் பிடிக்காமல் டிரைவர் சீட்டில் ஏறி, பிரேக்கை மிதித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளை அடுக்கிவைக்கிற அறையில் வேலை. இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவளுக்குக் குடை அறை. படித்துக் காட்டினேன். "குடையாவது வாயை மூடிட்டு இருக்கும்" என்றாள்.

நான் காலை எட்டு மணிக்குக் கண்ணாடிக்கடைக்குப் போனால், லென்ஸ் தேய்த்து முடித்து வர ஆறு ஆகிறது. அதுவரை அம்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது மட்டும் சிரித்தாள். "புளுகன்" என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புளுகுங்கள் மாமா. ஆனால் கொஞ்சம் உபயோகமாகப் புளுகுங்கள்.

உங்கள் மருமகள்


மூன்றாம் காவல் சாவடி
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாயாம். நம் குடும்பத்துக்கே ஓர் அவமானம் நேர்ந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு அடுத்தது நான்காம் சாவடி. அங்கே ஒரு சிப்பாய், பெயர் ஏணி. அதாவது நாங்கள் வைத்த பெயர். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. வேலை இல்லாத நேரத்தில் அதற்கு வெள்ளை அடித்தார். அடித்து முடித்தும் வேலை இல்லை, மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை அடித்துவிட்டு இறங்கும்போது ஏணி நழுவியது. சிரிக்காதே, இங்கேயும் அதே கதைதான். வாசலில் உள்ள கற்களுக்கு இந்த மாதம் நான்கு முறை வெள்ளை அடித்தாயிற்று. எந்தக் கல்லுக்கும் தன் சொந்த நிறம் ஞாபகமிருக்காது. பொழுது போகாமல் ஒருவருக்கொருவர் முடிவெட்டி வெட்டி, இனி வெட்ட யார் தலையிலும் ஒன்றுமில்லை.

ஏணிக்கும் உன்னைப்போலவே தொடை எலும்பு, உன்னைப்போலவே தகடு. கட்டிலோரம் டெலிபோனை வைத்து லைன் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். மே 20 அன்று மருத்துவக் குழு முன்னால் நடந்து காட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவரிடம் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பஸ் ஓட்டுற அம்மாவா? அவங்க எந்திரிச்சு உக்கார்றதுக்குள்ள நான் இந்த மலையை ஏறி இறங்கிடுவேன்."

அதோடு விட்டாரா? இன்று நாலு மணிக்கு, "நாலு, லைன் சரி. நாப்பது அடி நடந்துட்டேன். உங்க அக்கா எத்தனை?" என்றார். ஒரே லைன், ஆறு சாவடிக்கும் கேட்கும். அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் என்ன சொல்வேன்? இருமிவிட்டு, "லைன் சரியில்லை" என்று வைத்துவிட்டேன்.

மானம் போய்க்கொண்டிருக்கிறது. உடனே எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். முதல்முறையாக யோசிக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் அம்மா அதைப் பிடுங்கிச் சுருட்டி எறிந்தாள். "யாருடி அவன்? மலை ஏறுவானாமா மலை! ஏணியிலேயே ஒழுங்கா இறங்கத் தெரியல!" என்று கத்தினாள். ஒரு மணி நேரம் கழித்து, "அந்தத் துண்டை எடு" என்றாள். எந்தத் துண்டு என்று கேட்டேன். "வாக்கர்மேல காயுதே, அதுதான்டி. எடுத்துட்டு வாக்கரை இந்தப் பக்கம் தள்ளு."

எழுந்தாள் மாமா! உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வரை போனாள். அங்கிருந்து தெருவைப் பார்த்தபடியே, "நாற்பத்தொன்று என்று எழுது" என்றாள்.

அம்மா சொன்னதை எழுதிவிட்டேன். நான் எண்ணியது ஆறு. அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்


மூன்றாம் காவல் சாவடி
பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கும் மருமகளுக்கும்,

நலம், நலம், நலம்! நாற்பத்தொன்று!

கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்கு லைனில் சொன்னேன். "மூணு, லைன் சரி. அக்கா நாப்பத்தொண்ணு!" ஒரே கூச்சல். இரண்டாம் சாவடியில் ஒரு ஆள், எட்டு மாதமாக "லைன் சரி" தவிர ஒரு வார்த்தை பேசாதவர், "பலே!" என்றார். சரியாக ஒரு மணிக்கு ஏணி, இரைக்க இரைக்க, "நாலு. அம்பத்தஞ்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். மனுஷன் அந்த ஒரு மணி நேரமும் நடந்திருக்கிறார்!

இப்போது லைனே இரண்டு கட்சி. ஒன்று, இரண்டு, மூன்று உன் பக்கம், மற்றவை ஏணி பக்கம். தோற்கிற கட்சி ஜெயிக்கிற கட்சியின் காலைக் காவலை ஒரு மாதம் பார்க்க வேண்டும். ஆறாம் சாவடிக்காரர்கள் ரேடியோவையே பந்தயம் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் மணி அடித்தால், "நீ எடு", "நீதான் எடேன்" என்று ஆளுக்கொரு கட்டிலில் கிடப்போம். இப்போது பத்து நிமிடம் முன்பே மூன்று பேரும் டெலிபோனைச் சுற்றி நிற்கிறோம். போன வாரம் வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த இடம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

காலைப் பார்த்துக்கொள் அக்கா. அது இப்போது உன் கால் மட்டும் இல்லை, மூன்று சாவடிகளின் கால்.

தம்பி


மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். கடையிலிருந்து வந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள், வாக்கர் உள்ளே இருக்கிறது. சுவரைப் பிடித்துப் பிடித்தே வந்துவிடுகிறாள். பயிற்சி கொடுக்க வரும் பெண் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலும், "என்னம்மா, டைமுக்கு வண்டி எடுக்கத் தெரியாதா?" என்கிறாள்.

அம்மா எழுதச் சொன்னது எழுபது. நான் எண்ணியது அறுபத்துநாலு. இரண்டுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது.

படி ஏறிப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறாள். அந்தப் பெண் இன்னும் பத்து நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் ஏன் விடுப்பில் வரவில்லை?

உங்கள் மருமகள்


மூன்றாம் காவல் சாவடி
மார்ச் 15

அன்பு மருமகளுக்கு,

நான் பரம சௌக்கியம். அக்கா எழுபது என்ன, எழுநூறு நடப்பாள். அடுத்த கடிதம் வரும்வரை சும்மா இருக்க முடியுமா, நானே நாளுக்குப் பத்து கூட்டிச் சொல்லிவருகிறேன். விடுப்பா? நான் வந்துவிட்டால் மணி அடிக்கும்போது யார் எடுப்பது?

நேற்று நடந்ததைக் கேள். லைன் சோதனை ஒரு நிமிடத்தில் முடிய வேண்டியது, பன்னிரண்டு நிமிடம் ஓடுகிறது என்று எங்கள் அதிகாரி கண்டுபிடித்துவிட்டார். ஜீப்பில் புழுதி பறக்க வந்து இறங்கினார். நான் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தேன். மற்ற இருவரும்தான் தொப்பியைத் தேடி ஓடினார்கள். அவர் நேராகப் போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். அதே நொடியில் ஏணி, "நாலு! நூத்திருபது!" என்று அலறினார். ஐந்தும் ஆறும் கைதட்டுகின்றன.

அதிகாரி ரிசீவரைக் கையால் பொத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "எதிர்க்கட்சி எவ்வளவு?" என்றார்.

"நூத்திமுப்பது சார்!"

ரிசீவரைக் கீழே வைத்தார். "மணிக்கு ஒரு தடவை இந்தக் கூத்து கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே தடவை." ஜீப்பில் ஏறிய பிறகு தலையை நீட்டி, "அப்ப எனக்கும் லைன் குடு" என்றார்!

அக்காவிடம் சொல். அதிகாரியே கேட்கிறார்.

மாமா


மூன்றாம் காவல் சாவடி
ஏப்ரல் 4

அன்பு மருமகளுக்கு,

நலமா? கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தபால்காரரிடம் இரண்டு முறை பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன்.

நாலு மணிக்குக் கேட்கிறார்கள். நான் முன்னூறு என்று சொல்லியிருக்கிறேன். நேற்று லைனை வைத்த பிறகு மற்ற இருவரும் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்கள்.

இங்கே ஆபத்து ஒன்றும் கிடையாது. ஒரு சாலை இருக்கிறது, அதில் யாரும் வருவதில்லை. அவ்வளவுதான். அதனால் எதையும் மறைக்காமல் ஒரு வரி எழுது.

மாமா


ஏப்ரல் 14

அன்புள்ள மாமாவுக்கு,

மன்னித்துவிடுங்கள். மார்ச் 17 அன்று நான் கடையில் இருந்தபோது அம்மா தனியாக மாடிப்படி ஏறிப் பார்த்திருக்கிறாள். இரண்டாவது படியில் விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, தகடும் அசையவில்லை என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் எழுந்திருக்க மறுக்கிறாள். வாக்கர்மேல் மறுபடி துண்டு காய்கிறது. "அந்த ஆளே ஜெயிச்சிட்டுப் போகட்டும்" என்கிறாள்.

உங்களுக்கு எழுதினால் நீங்கள் லைனில் சொல்ல வேண்டிவருமே என்றுதான் எழுதவில்லை.

மே 15க்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. நேற்று காலை தலை வாரிவிடும்போது அம்மா கேட்டாள், "ஏன்டி, அப்படி ஒரு ஆள் இருக்கானா? இல்ல, உங்க மாமன் கட்டிவிட்ட கதையா?" உபயோகமாகப் புளுகச் சொன்னவள் நான்தான். இப்போது உண்மையைச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இருக்கிறாரா?

உங்கள் மருமகள்


நான்காம் காவல் சாவடி
ஏப்ரல் 24

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு தேற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான்தான் ஏணி. எனக்கு வேறு பெயர் உண்டு, இந்த லைனில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

நீங்கள் விழுந்ததை உங்கள் தம்பி நேற்று நாலு மணிக்கு எல்லாச் சாவடிக்கும் சொன்னார். முன்னூறு என்று தான் சொன்னது பொய் என்றும் சொன்னார். கடைசியில் அதிகாரிதான், "லைன் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் கட்சியில் யாரும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

உங்களைக் கேலி செய்து நான் பேசியதாக உங்கள் தம்பி எழுதினாராம். அதில் பாதி நான் சொன்னது. மன்னியுங்கள். உங்கள் கணக்கைக் கேட்ட பிறகுதான் நான் காலையே ஊன்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் கணக்கு நூற்றெண்பதில் நிற்கிறது. சமதரையில் நடந்துவிடுகிறேன். படி மட்டும் வரவில்லை. மே 20 அன்று குழுவின் முன் ஐந்து படி ஏறி இறங்க வேண்டும். முதல் படியில் காலை வைத்தாலே உடம்பு வியர்த்துவிடுகிறது. இங்கே யாரைக் கேட்டாலும், "ஏறு, அவ்வளவுதான்" என்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது.

நீங்கள் இருபத்திரண்டு வருடம் உயரமான படியில் ஏறி இறங்கியவர். எந்தக் காலை முதலில் வைப்பீர்கள்? எந்தக் கையால் பிடிப்பீர்கள்? இறங்கும்போது எப்படி? எனக்கு இந்த வேலை வேண்டும் அக்கா. தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் சாவடி


மே 16

டேய் தம்பி,

நல்லா இருக்கியா? அக்கா என் கையாலேயே எழுதுகிறேன். உன் மருமகள் எண்ணிக்கையில் கண்டிப்பானவள், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

ஏணி கேட்டதைப் படித்துவிட்டு, எந்தக் காலை முதலில் வைப்பேன் என்று யோசித்தேன். தெரியவில்லையடா! ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்கியிருக்கிறேன், ஆனால் படுத்துக்கொண்டு யோசித்தால் வரவில்லை. வலது என்று தோன்றும், உடனே இடது என்று தோன்றும். பாவம் அந்த மனுஷன், தப்பாகச் சொல்லி அவர் விழுந்துவைத்தால்? எழுந்துபோய் அடுக்களைப் படியில் ஏறிப் பார்த்தேன். நல்ல கால் முதலில் மேலே போகிறது. இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் இறங்குகிறது. கை எப்போதும் காலுக்கு முன்னால் போய்ப் பிடித்துக்கொள்கிறது. சரிதானா என்று உறுதி செய்ய இன்னொரு தடவை, பிறகு இன்னொரு தடவை. உன் மருமகள் வந்து பார்த்தபோது மாடிப்படியில் நின்றிருந்தேன். அன்றைக்கே அவருக்கு எழுதிப் போட்டேன்.

நேற்று டிப்போ. சூப்பர்வைசர் கையில் காகிதத்தோடு நிற்கிறார், நம்ம மெக்கானிக் கையை நீட்டுகிறான். "கையை எடுடா, உன்னால நான் குடை அடுக்கணுமா?" என்றேன். நல்ல கால், அடுத்த கால், சீட்டு. பிரேக்கை மிதித்தேன், புஸ்ஸென்று காற்று இறங்கியது. "போதும்மா, இறங்குங்க" என்கிறார் சூப்பர்வைசர். யார் இறங்குவது? ஸ்டார்ட் செய்து யார்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கினேன். உன் மருமகள் கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். திங்கட்கிழமையிலிருந்து என் பழைய ரூட்.

ஏணி ஜூன் 8 விடுப்பில் இந்த வழியாகத்தான் போகிறாராம். என் பஸ்ஸில் ஏறச் சொல்லி எழுதியிருக்கிறேன். அந்த மனுஷன் அன்றைக்கு முதன்முதலாக நாற்பது அடி நடந்தாரே, அது மட்டும் இல்லையென்றால் நான் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். முடியைக் கொஞ்சம் வளர விடு.

அக்கா


மூன்றாம் காவல் சாவடி
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு என்ன குறை! உன் கடிதத்தை, ஏணிக்கு நன்றி என்ற கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு, லைனில் படித்துக் காட்டினேன். "புஸ்ஸென்று காற்று இறங்கியது" என்ற இடத்தில் ஆறு சாவடியும் சேர்ந்து கத்தியது ஊருக்கே கேட்டிருக்கும். இரண்டாம் சாவடிக்காரர் அழுதார் என்று நான் சொல்வேன், அவர் ஜலதோஷம் என்கிறார். அதிகாரி, "அந்தம்மா என்ன ரூட் ஓட்டறாங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஏணியும் தேறிவிட்டார்! ஐந்து படி ஏறி, ஐந்து படி இறங்கி, குழு போதும் என்ற பிறகும் ஆறாவதாக ஒரு படி இருக்கிறதா என்று கேட்டாராம். இதையும் நான் முன்பே சொல்லியிருந்தேன். யார் ஜெயித்தது என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை. அதனால் காலைக் காவலை ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம்.

இப்போது ஒரு சின்ன விஷயம். ஏணி நான்கு நாளாக, உன்னிடம் பஸ்ஸில் சொல்ல வேண்டியதை லைனில் ஒத்திகை பார்க்கிறார். "அக்கா, அன்னைக்கு நீங்க நாப்பது அடி நடந்தீங்களே, அதுக்கு நன்றி." நீயோ அவருக்கு அதே நாற்பதுக்கு நன்றி சொல்லப்போகிறாய். இரண்டு பேரும் பேசிக்கொள்வதற்கு முன்னால் நான் எழுதிவிடுவது நல்லது.

பிப்ரவரி இரண்டாம் தேதி ஏணி கட்டிலைவிட்டு இறங்கவில்லை. மூன்று வாரமாகவே இறங்கவில்லை. அவரும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். ரிசீவரைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் "லைன் சரி" என்பார். அன்று நாலு மணிக்கு அவரிடம், "எங்க அக்கா இன்னைக்கு நாப்பது அடி நடந்துட்டாங்க" என்றேன். லைனை வைத்துவிட்டு, அதே மேஜையில் உட்கார்ந்து, ஏணி நாற்பது அடி நடந்துவிட்டார் என்று உனக்கு எழுதினேன்.

அந்த நாற்பதை நீயும் நடக்கவில்லை, அவரும் நடக்கவில்லை அக்கா. அது நான் சொன்னது.

உன் தம்பி